அலுமாரியின் மேல்தட்டு: பண்டிகைக்கு முந்திய திருகோணமலை

டிசெம்பர் பிறந்தால் போதும், எங்கட போன்களில் ஒரே மாதிரி வீடியோக்கள் ஓடத் தொடங்கிவிடும். வெள்ளைச் சுவர், வெள்ளைப் பெட்டிகள், ஒவ்வொரு பெட்டியிலும் அழகான எழுத்தில் ஒரு சீட்டு. விடுமுறைக்கு முன் வீட்டை ஒழுங்குபடுத்துவது எப்படி? பத்து நாளில் பத்து மூலை. ஒரு வருஷமாய்த் தொடாத பொருள் எதுவானாலும் தூக்கி எறி. இதைப் பார்த்து உற்சாகமாகி, அலுமாரிக்கு மேலே கிடக்கிற பழைய பையைக் கீழே இறக்கி, "இது இனி என்னத்துக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். அம்மம்மா இருக்கிற வீடென்றால் பதில் உடனே வரும்: "அதில கை வைக்காத."

லிங்கநகரில் எங்களில் ஏறக்குறைய எல்லார் வீட்டிலும் அந்தப் பை இருக்கிறது. சில வீட்டில் றங்குப் பெட்டி, சில வீட்டில் பிஸ்கட் ரின், சில வீட்டில் மூன்று பொலித்தீன் பைகளை ஒன்றுக்குள் ஒன்றாய்ப் போட்டு முடிச்சுப் போட்டது. உள்ளே என்ன இருக்குமென்று சொல்லவே தேவையில்லை. காணி உறுதி, பிறப்புப் பத்திரங்கள், கலியாணப் பதிவு, பள்ளிக்கூடச் சான்றிதழ்கள், யாரோ ஒருவரின் மரணப் பதிவு, ஓரம் தேய்ந்த ஒரு கூப்பன் கொப்பி. வீட்டில் மற்றதெல்லாம் கலைந்து கிடந்தாலும் இது மட்டும் இடம் மாறாது. சரியாய்ச் சொன்னால், எங்கட வீடுகளில் உண்மையாய் ஒழுங்காய் இருக்கிற ஒரே இடம் அதுதான்.

பழைய ஆட்களின் பழக்கம் என்று இதைச் சொல்லி முடிக்கலாம். எங்களுக்கு அந்த விளக்கம் போதவில்லை. திருகோணமலையின் வரலாற்றை எடுத்துப் பண்டிகைக் கலண்டருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இந்த ஊரின் பெரிய இழப்புகளில் பல, பண்டிகைக்கு ஒரு கிழமை முன்பின்னாகத்தான் வந்திருக்கின்றன. வீடு கூட்டி, ஒட்டறை அடித்து, சாமான் வாங்கி, ஆட்கள் எல்லாரும் வீட்டில் இருக்கிற நேரம். அதனால் பண்டிகைக்கு வீட்டை ஆயத்தப்படுத்துவது இங்கே அழகுக்கான வேலையாய் மட்டும் இருக்கவில்லை. எது கையோடு வரவேண்டும், எது போனாலும் பரவாயில்லை என்று பிரித்து வைக்கிற வேலையாயும் இருந்திருக்கிறது.

முதலில் காலநிலையைச் சொல்லிவிட வேண்டும். வடகீழ்ப் பருவக்காற்றுத்தான் எங்களுக்கு மழை தருகிற காற்று. வருஷம் முழுக்கப் பெய்கிற மழையில் அரைவாசிக்கு மேல் ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்த்துவிடும். இதே மாதங்களில்தான் கார்த்திகை விளக்கீடு, பிள்ளையார் கதை, திருவெம்பாவை, நத்தார், இங்கிலிஸ் புதுவருஷம், பொங்கல் எல்லாம் வரிசையாய் வரும். பள்ளிக்கூடம் விடுகிற காலமும் இதுதான். கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் சொந்தக்காரர் வந்து இறங்குவார்கள். பாய், தலகணி, பீங்கான் எல்லாம் வெளியே வரும். அதே நேரம் சுவர் ஈரம் குடித்திருக்கும், உடுப்பில் பூஞ்சணம் பிடிக்கும், கறையான் காகிதத்தைத் தேடி வரும். மாரியில் சுண்ணாம்பு காயாது. அதனால் வெள்ளையடிப்பு பெரும்பாலும் பொங்கலுக்கு முந்திய நாட்களில், வெயில் கண்ணைக் காட்டினால் மட்டும். அந்த ஒருநாள் வெயிலில் அலுமாரி முழுக்க வெறுமையாகி முற்றத்துக்கு வரும். பூச்சி உருண்டை மாற்றப்படும். மேல்தட்டுப் பையும் அன்றைக்குத்தான் அவிழ்க்கப்படும். ஒவ்வொரு காகிதமாய்ப் பார்த்து, பார்த்த ஒழுங்கிலேயே திரும்ப வைப்பார்கள். வருஷத்தில் ஒருதரம் நடக்கிற கணக்கெடுப்பு அது.

தமிழ்நாட்டில் மார்கழியின் கடைசி நாளில் போகி. பழையதை வாசலில் போட்டு எரிக்கிறார்கள். சென்னையில் அந்த விடிகாலைப் புகை ஒவ்வொரு வருஷமும் செய்தியாகிறது. எங்கட பக்கம் அந்த வழக்கம் பெரிதாய் இல்லை. ஏன் இல்லை என்பதற்கு எங்களிடம் ஆதாரமான பதில் கிடையாது. ஆனால் எத்தனையோதரம் மற்றவர்களால் எரிக்கப்பட்ட வீடுகளில் இருந்து வந்த ஆட்கள், தங்கட கையால் ஒன்றை நெருப்பில் போடக் கொஞ்சம் யோசிப்பார்கள்தானே.

சரி, வரலாற்றுக்கு வருவோம். பழைய கதையிலிருந்தே தொடங்கலாம்.

கோணேசர் கோயிலைப் போர்த்துக்கீசர் இடித்தது 1620களில். கோயிலின் கல்லை எடுத்துத்தான் கோட்டையைக் கட்டினார்கள். சித்திரைப் புதுவருஷத்தன்று சாமி வெளிவீதி போயிருந்த நேரம் பார்த்து, பிராமணர் வேஷத்தில் படையினர் உள்ளே நுழைந்தார்கள் என்பது இந்த ஊரில் சொல்லப்பட்டு வருகிற கதை. நாளும் வேஷமும் அப்படியே உண்மையா என்று வரலாற்றாசிரியர்கள் விவாதிக்கட்டும். எங்கட கவனம் போனது வேறொன்றில். 1950இல் நகரில் கிணறு வெட்டியபோது மண்ணுக்குள்ளிருந்து செப்புத் திருமேனிகள் வந்தன. சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், அம்மன், பிள்ளையார். அந்த அழிவுக் காலத்தில் யாரோ அவற்றைப் புதைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்பதுதான் பொதுவாய் ஏற்கப்பட்ட விளக்கம். எடுத்துப் போக நேரமில்லாதபோது எதை எடுப்பது, எங்கே ஒளிப்பது என்று அந்த ஆட்கள் முடிவெடுத்திருக்கிறார்கள். அந்த முடிவு முந்நூறு வருஷத்துக்கு மேல் மண்ணுக்குள் தாக்குப்பிடித்தது. 1963இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய நூல் ஒன்று உண்டு: கோணேசர் கல்வெட்டு. பேரைக் கேட்டுக் கல்லைத் தேடாதீர்கள், அது ஏட்டில் எழுதப்பட்ட நூல். கோயிலில் யார் யாருக்கு என்ன தொழும்பு, எந்தப் பகுதியார் என்ன கொண்டுவர வேண்டும், யாருக்கு என்ன உரிமை என்று வரிசையாய்ச் சொல்லிக்கொண்டு போகும். பக்தி இலக்கியமாய் வாசிக்கப் போகிறவர்களுக்குச் சில இடங்களில் அலுப்புத் தட்டும். வேலைப் பட்டியலாய் வாசித்தால் சுவையான நூல். கட்டடம் போன பிறகும், அங்கே யாருக்கு என்ன பொறுப்பு இருந்தது என்று எழுதி வைத்தது மிஞ்சியது. கோயிலுக்கே அந்த நிலைமை என்றால் எங்கட வீட்டுக்கு எம்மாத்திரம்!

அடுத்து 1942. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நாலு நாள் கழித்து, ஏப்ரல் 9 காலையில், திருகோணமலை. துறைமுகம், கப்பற்றளம், சீனன்குடா விமானத்தளம் எல்லாவற்றிலும் குண்டு விழுந்தது. எண்ணெய்த் தாங்கி ஒன்று பற்றி எரிந்தது. இன்றைக்கும் சீனன்குடாக் காட்டுக்குள் நிற்கிற 99 தாங்கிகள் அந்தத் தொகுதியில் மிஞ்சியவை. அதே நாள் மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. அதில் மட்டும் 300 பேருக்கு மேல் இறந்தார்கள். சித்திரைப் புதுவருஷத்துக்கு ஒரு கிழமைகூட இல்லாத நேரம். கப்பற்றளத் தொழிலாளர் பலர் வேலையை விட்டுவிட்டு நகரைவிட்டு வெளியேறினார்கள்.

அந்த வருஷம் இன்னொன்றும் நடந்தது. பர்மாவை ஜப்பான் பிடித்ததால் அரிசி வரவு நின்றது, இலங்கையில் அரிசிப் பங்கீடு தொடங்கியது. கூப்பன் கொப்பி பிறந்தது அப்போதுதான். 1979இல் உணவு முத்திரை வரும்வரை, கிட்டத்தட்ட நாலு தசாப்தம், ஒரு குடும்பத்தில் எத்தனை பேர் என்பதற்கு அந்தக் கொப்பிதான் சாட்சி. அது இல்லையென்றால் அரிசி இல்லை. இப்போது அதற்கு ஒரு பெறுமதியும் இல்லை என்று எங்களுக்குத் தெரியும், அம்மம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் பசியோடு சம்பந்தப்பட்ட காகிதத்தை எறிய மனம் வராது. அதில் தாத்தாவின் பெயருக்கு நேரே ஒரு கோடு கிழிக்கப்பட்டிருந்தால் இன்னும் வராது.

புயல்களைச் சுருக்கமாய்ச் சொல்லிக் கடக்கிறோம். 1964 டிசெம்பர் 22இல் திருகோணமலைப் பக்கமாய்க் கரையேறிய புயல், வவுனியா வழியாய்த் தீவைக் குறுக்கறுத்து அன்றிரவே தனுஷ்கோடியை விழுங்கியது. நத்தாருக்கு மூன்று நாள் இருந்தது. ரயிலோடு போன ஆட்களின் கதையைத் தமிழ்நாட்டில் எல்லாரும் அறிவார்கள். அந்தப் புயல் முதலில் எங்கட கூரைகளைத் தாண்டித்தான் போனது என்பதைச் சொல்வார் குறைவு. 1978 நவம்பர் 23 புயல் மட்டக்களப்பை நொறுக்கியது. கிழக்கு முழுக்க "சூறாவளி" என்ற சொல்லுக்கு இன்றைக்கும் அந்த வருஷம்தான் அர்த்தம். ரின்னுக்குள் காகிதம் வைக்கிற பழக்கத்துக்கு இந்த இரண்டையும் காரணமாய்ச் சொல்கிற வீடுகள் உண்டு. அலுமாரி நனைந்துவிடும், ஆனால் மூடி இறுக்கமான ரின் மிதக்கும்.

இவ்வளவு காகிதம் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். 1972 முதல் தேசிய அடையாள அட்டை. போர்க்காலத்தில் வீதித்தடையிலும் சுற்றிவளைப்பிலும் அது இல்லாமல் நின்றவரின் நிலையை வீட்டில் கேட்டுப் பாருங்கள். அதற்கு முன்னும் பின்னும் காணி. உறுதிக் காணி என்றால் ஒரு முறை இருக்கிறது. நொத்தாரிசு உறுதி எழுதினால் மூலம் சொந்தக்காரர் கைக்கு வரும், இணைப்பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும், இன்னொன்று நொத்தாரிசிடமே இருக்கும். மூன்று இடத்தில் மூன்று. ஒன்று எரிந்தால் மற்றது இருக்கும் என்ற நல்ல யோசனை. ஆனால் வடக்குக் கிழக்கில் வீடும் கந்தோரும் ஒரே போரில் போன இடங்கள் உண்டு. நொத்தாரிசுவும் கப்பலேறிய இடங்கள் உண்டு. அப்போது மேல்தட்டுப் பைதான் மூன்றுக்கும் பதில். அரச காணியில் இருக்கிறவர்களுக்கு 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிற அனுமதிப்பத்திரம். எங்கட ஆட்கள் "பேர்மிற்" என்பது அதைத்தான். மாவட்டத்தில் ஏராளமான குடும்பங்களுக்கு இருக்கிற ஒரே உரித்து அந்த மங்கிய தாள்தான்.

1983, 1985, 1990. இந்த மூன்று வருஷங்களையும் இந்த ஊர் ஆட்களிடம் விளக்கத் தேவையில்லை. கலவரம், எரிப்பு, முகாம், மண்டபம் வரைக்கும் வள்ளம். திரும்பி வந்தவர்களில் பலர் தங்கட காணியில் வேறு ஆட்கள் இருப்பதைக் கண்டார்கள். இலங்கைச் சட்டத்தில் ஒருவர் பத்து வருஷம் தடையில்லாமல் ஒரு தனியார் காணியை ஆண்டால் உரிமை கோரலாம். ஓடிப்போன ஆளால் எப்படித் தடுக்க ஏலும்? இந்த அநியாயத்தைச் சரிசெய்ய 2016இல்தான் ஒரு விசேட சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை, போரால் காணியை அணுக முடியாமல் போனவர்களுக்கு எதிராய் அந்தப் பத்து வருஷக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்றது அது. நல்ல சட்டம். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு நீதிமன்றம் போக, காணி முதலில் எங்களுடையது என்று காட்ட வேண்டும். அதற்குப் பழைய உறுதி வேண்டும். 33 வருஷம் கழித்து வருகிற ஒரு சட்டத்துக்காக ஒரு காகிதத்தைக் காப்பாற்றி வைத்திருக்க வேண்டும்!

2004 டிசெம்பர் 26. நத்தாருக்கு அடுத்த நாள், ஞாயிறு, அதோடு மார்கழிப் பூரணை. மூன்று விடுமுறை ஒன்றாய் விழுந்த நாள். காலை ஏழு மணிக்குச் சற்று முன்பு சுமாத்திராவில் நிலம் அதிர்ந்தது. எட்டரைக்குப் பிறகு கிழக்குக் கரையில் கடல் ஏறியது. இடையில் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் இருந்தும் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. இந்து சமுத்திரத்துக்கு அப்போது எச்சரிக்கை அமைப்பே இருக்கவில்லை. நிலாவெளி, குச்சவெளி, கிண்ணியா, மூதூர். கிண்ணியா வைத்தியசாலைக்குள்ளேயே கடல் புகுந்தது. நாடு முழுக்க 30,000க்கு மேல் உயிர்கள்.

உயிருக்குப் பிறகுதான் காகிதம். ஆனால் உயிரோடு மிஞ்சியவர்களுக்கு அடுத்த கிழமையே காகிதம் தேவைப்பட்டது. முழுதாய் உடைந்த வீட்டைத் திரும்பக் கட்ட அரசாங்கம் 250,000 ரூபா அறிவித்தது, காணி உங்களுடையது என்று காட்டினால். கரையிலிருந்து தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர், அதற்குள் கட்டக்கூடாது என்றார்கள். ஒரே கடல், ஒரே அலை, ஏன் எங்களுக்கு மட்டும் இரட்டிப்பு என்ற கேள்வி அப்போதே எழுந்தது. பிறகு அந்த எல்லை தளர்த்தப்பட்டது. 2005இல் சுனாமிக்கென ஒரு தனிச் சட்டம் வந்து, உடல் கிடைக்காதவர்களுக்கு மரணப் பதிவு எடுக்கிற வழியைச் சுருக்கியது. ஒருவர் இறந்துவிட்டார் என்று காட்ட, அவர் இருந்தார் என்று முதலில் காட்ட வேண்டியிருந்தது.

இதில் பெண்களுக்கு நடந்தது தனியே சொல்லப்பட வேண்டியது. கிழக்குக் கரையில் வீடு பெரும்பாலும் மகளுக்குப் போகும். கலியாணத்துக்கு முன்பே தாய்தகப்பன் மகளுக்கு வீடு கட்டுவார்கள், அல்லது தாங்கள் இருக்கிற வீட்டைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் சின்னதாய் ஒன்று போட்டு ஒதுங்குவார்கள். மருமகன்தான் வந்து சேர்கிறவர். சீதனத்தின் சுமையை நாங்கள் நியாயப்படுத்தவில்லை, அது வேறொரு கட்டுரைக்கான சண்டை. ஆனாலும் உறுதியில் பெண்ணின் பெயர் இருப்பது சின்ன விஷயமில்லை. சுனாமிக்குப் பிறகு வந்த படிவங்களில் "குடும்பத் தலைவர்" என்று ஒரு கட்டம். பல இடங்களில் அந்தக் கட்டத்தில் கணவனின் பெயர் ஏறியது. அரச காணி அனுமதிப்பத்திரமும் ஒருவர் பெயருக்குத்தான், இருவர் சேர்ந்து எடுக்கிற வழி இருக்கவில்லை. தாய்வழியாய் வந்த வீடு கடலில் போய், அதற்குப் பதிலாய் வந்த வீடு ஆணின் பெயரில் நின்றது. கிழக்கின் பெண்கள் அமைப்புகள் இதை எதிர்த்துக் குரல் கொடுத்தன. பழைய உறுதியைக் கையில் வைத்திருந்த பெண்ணுக்குச் சொல்ல ஒரு ஆதாரமாவது இருந்தது. அம்மாமார் அந்தப் பையை ஏன் அப்பாமாரிடம்கூடக் கொடுப்பதில்லை என்பது இப்போது விளங்கியிருக்கும்.

2006ஐ எழுத எங்களுக்குக் கை கொஞ்சம் தயங்குகிறது. எங்களில் சிலருக்கு அப்போது நடக்கத் தெரியாது, சிலர் பிறக்கவே இல்லை. ஆனால் இந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு அது எப்போதும் பக்கத்தில் இருக்கிற வருஷம். ஜனவரி 2, புதுவருஷத்துக்கு அடுத்த நாள் மாலை. கடற்கரையில் இருந்த ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களே கொண்டுவந்த கைக்குண்டு வெடித்தது என்று முதலில் சொல்லப்பட்டது. சுடர் ஒளிப் பத்திரிகைக்கு எழுதிய சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள், அவர்கள் கிட்டவிருந்து சுடப்பட்டதைக் காட்டின. ஜனவரி 24இல் அவரும் இதே நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2013இல் விசேட அதிரடிப் படையைச் சேர்ந்தவர்கள் கைதானார்கள். 2019 ஜூலையில் திருகோணமலை நீதவான் நீதிமன்றம், ஆதாரம் போதவில்லை என்று 13 பேரையும் விடுவித்தது. பதின்மூன்று வருஷம். அந்தப் பதின்மூன்று வருஷமும் அந்த வீடுகளில் எந்தக் காகிதத்தை "பழசு" என்று சொல்லியிருக்க ஏலும்?

அதே வருஷம் ஏப்ரல் 12, சித்திரைப் புதுவருஷத்துக்கு இரண்டு நாள் முன்பு, ஆட்கள் சாமான் வாங்கக் கூடியிருந்த மரக்கறிச் சந்தையில் குண்டு வெடித்தது. எல்லாச் சமூகத்து ஆட்களும் இறந்தார்கள். அதைத் தொடர்ந்து தமிழர் கடைகள் எரிக்கப்பட்டன, தமிழர் தாக்கப்பட்டார்கள். பண்டிகைக்குச் சாமான் வாங்குவதென்றால் ஒரு கிழமை முன்னரே, சனம் குறைந்த நேரத்தில் என்று எங்கட வீடுகளில் ஒரு விதி இருக்கிறது. கடைசி நாள் நெரிசலைத் தவிர்க்கும் நல்ல திட்டமிடல் என்று அந்த வெள்ளைப் பெட்டி வீடியோக்காரர் பாராட்டுவார். அந்த விதி எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாது.

உலகமே பார்த்த ஒழுங்குக்காரி மரி கொண்டோவின் நிகழ்ச்சி நெட்பிளிக்ஸில் வந்தது 2019 ஜனவரி 1இல், நாளைப் பார்த்துத்தான் விட்டிருக்கிறார்கள். பொருளைக் கையில் எடு, சந்தோஷம் தருதா என்று பார், தராவிட்டால் நன்றி சொல்லி அனுப்பு. காகிதம் என்றால் அவருடைய அடிப்படை விதி, எல்லாவற்றையும் எறி என்பதுதான். நியாயமாய்ச் சொன்னால், ஒப்பந்தம் மாதிரி நிரந்தரமாய் வேண்டியவற்றுக்கு அவரும் விலக்குத் தருகிறார், நறுக்கிய வீடியோக்களில் அது வருவதில்லை. எங்கட பையில் சந்தோஷம் தருகிற காகிதம் ஒன்றிரண்டு தேறினால் பெரிய காரியம். இந்த விதியை ஜப்பானியப் பழக்கம் என்று எடுத்துக்கொள்வதும் அரைகுறைதான். 1923 செப்டெம்பர் 1இல் தோக்கியோவை அழித்த நிலநடுக்கத்தின் நினைவாய் அந்த நாளை அனர்த்தத் தடுப்பு நாளாக வைத்திருக்கிறார்கள். ஜப்பானில் பல வீடுகளின் வாசலருகே அவசரப் பை ஒன்று தொங்கும். தண்ணீர், டோர்ச், மருந்து, முக்கிய ஆவணங்களின் பிரதி. அம்மம்மாவின் பைக்கு அங்கே அண்ணன் தம்பி இருக்கிறது என்று சொல்லலாம்.

இந்த மார்கழியில் உங்கட வீட்டிலும் அந்த ஒருநாள் வெயில் வரும். அன்றைக்கு நாங்கள் செய்து பார்த்தவற்றில் உருப்படியாய் இருந்த சிலதைச் சொல்கிறோம். உறுதியைப் படம் எடுத்து வைப்பது நல்லதுதான், ஆனால் போன் தொலைந்தால் படமும் போகும். அதனால் உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதி, வேறு ஊரில் இருக்கிற சித்தி வீட்டிலோ மாமா வீட்டிலோ ஒரு பிரதி வையுங்கள். மூலம் போனாலும் இந்த மூன்றும் தெரிந்தால் காணிப் பதிவகத்தில் உறுதிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். பேர்மிற் என்றால் அதன் இலக்கத்தோடு பிரதேச செயலகத்தின் பெயரையும் எழுதுங்கள். பழைய பத்திரங்களை லமினேற் செய்யக் கொடுக்காதீர்கள். சூட்டில் ஒட்டியதை மீண்டும் பிரிக்க ஏலாது, உள்ளே ஈரம் இருந்தால் அங்கேயே பூஞ்சணம் பிடிக்கும். நனைந்த தாள்கள் ஒட்டிக்கொண்டால் இழுத்துப் பிரிக்காமல் நிழலில், காற்றோட்டத்தில் விடுங்கள்.

மிச்சம் அம்மாவிடம் கேட்க வேண்டியது. எந்தக் காகிதம் எதற்கு, எந்த உறுதி எந்த வளவு, மூன்றாவது பொலித்தீனுக்குள் தனியாய் மடித்து வைத்திருப்பது யாருடைய கடிதம் என்பதெல்லாம் அவர் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. பண்டிகைக்கு ஆட்கள் வருகிற வீட்டில் அவர் அடுப்படியை விட்டு வெளியே வந்தால்தான் இதைச் சொல்ல முடியும். அன்றைக்கு வடையை ஆம்பிளையள் சுடட்டும். சுட்டுக் கருகினாலும் பாதகமில்லை.

எல்லாப் பைகளும் ஒன்றில்லை. காணாமற்போனவர்களின் குடும்பங்களுக்கு, மரணப் பதிவு எடுக்க விருப்பமில்லாவிட்டால், ஆளைக் காணவில்லை என்று மட்டும் உறுதிப்படுத்துகிற சான்றிதழ் ஒன்றைப் பெறலாம் என்று 2016இன் 16ஆம் இலக்கச் சட்டம் வழி வைத்தது. அதை எடுத்தவர்கள் இருக்கிறார்கள், எடுக்க மாட்டேன் என்று நிற்பவர்களும் இருக்கிறார்கள். அந்த வீடுகளில் மேல்தட்டில் மகனின் ஐந்தாம் வகுப்பு றிப்போட் இருக்கும், அவன் எழுதிப் பார்த்த கொப்பி இருக்கும், வீதியில் பிடித்து நின்ற படம் இருக்கும். பொங்கலுக்கு முதல்நாள் அவற்றையும் வெயிலில் வைத்து எடுத்து, அதே மடிப்பில் மடித்து, அதே பையில் போட்டுக் கட்டுவார்கள்.